மூன்றாவது கேள்விக்குப் பதில் இருக்கிறதா?

'இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் எழுதுங்கள்' என்று போன இதழில் ஒரு வரி போட்டேன். கடிதமும் வாட்ஸ்அப்புமாக வந்து குவிந்துவிட்டது. பேர் போடாதீர்கள் என்று பாதிப் பேர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊர் மட்டும். புதிதாகப் படிப்பவர்களுக்காக என்னைப் பற்றி இரண்டு வரி: சேலத்துப் பக்கம் ஒரு நூற்பாலையில் 31 வருஷம் பர்சனல் டிபார்ட்மென்ட்டில் இருந்தேன், 2017-ல் ஓய்வு. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்டவள். இப்போது ஹஸ்தம்பட்டியில் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

கேள்வி (அம்மாப்பேட்டை): டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. அப்பாவோடு விசைத்தறியில்தான் இருக்கிறேன், ஆறு தறி. இப்போது ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் டிரெய்னி வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். 'தறி ஓட்டுனேன்னு சொல்லாதே, போட்டித் தேர்வுக்குப் படிச்சேன்னு சொல்லு' என்கிறார்கள் நண்பர்கள். எதைச் சொல்வது?

தம்பி, நண்பர்கள் சொன்ன மாதிரியே சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'எந்தத் தேர்வு?' 'குரூப் 4 சார்.' 'எவ்வளவு வந்துச்சு?' வாய்க்கு வந்த ஒரு நம்பரைச் சொல்வீர்கள். 'பொது அறிவுல எத்தனை, தமிழ்ல எத்தனை?' அவ்வளவுதான், காது சிவந்துவிடும். நான் பார்த்த வரையில் முதல் கேள்வியில் யாரும் தோற்பதில்லை. அதற்கு எல்லோரும் மனப்பாடம் செய்துகொண்டுதான் வருகிறார்கள். அந்தப் பதிலின் வாலைப் பிடித்து இழுக்கிற இரண்டாவது, மூன்றாவது கேள்வியில்தான் ஆள் யார் என்று தெரியும். அதனால் மூன்றாவது கேள்விக்கும் பதில் கைவசம் இருக்கிற விஷயத்தை மட்டும் பேசுங்கள். உங்களிடம் அப்படி ஆறு தறி இருக்கிறது, அதைப் போய் மறைக்கச் சொல்கிறார்களே!

எங்கள் மில்லுக்கு ஃபிட்டர் வேலைக்கு ஒரு பையன் வந்தான். பயோடேட்டாவில் தறி என்ற வார்த்தையே இல்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போடும்போது கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலில் நூல் அறுத்த தழும்பு, ஒன்றன் மேல் ஒன்றாக. "வீட்ல தறியா?" என்றேன். திருடிவிட்டு மாட்டிக்கொண்டவன் மாதிரி, "ஆமாங்க" என்றான். பக்கத்தில் இருந்த எஞ்சினியர் அதுவரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாடா எதனால வெளிய பறக்குது?" (தறி தெரியாதவர்களுக்கு: குறுக்கு நூலைச் சுமந்து ஓடுகிற கட்டைதான் நாடா, அதை அடித்துத் தள்ளுவது பிக்கர், நீளவாக்கு நூல் பாவு, நூலை நெருக்குகிற சீப்பு அச்சு.)

பையனின் குரலே மாறிவிட்டது. "பாவு இழை அறுந்து பின்னிக்கிட்டா பறக்கும் சார். பிக்கர் தேஞ்சிருந்தாலும் பறக்கும். நாடா மூக்கு மழுங்கியிருக்கான்னு மொதல்ல தடவிப் பாத்துருவோம்."

"இது மூணும் சரியா இருந்தா?"

"அச்சும் நாடாப் பெட்டியும் ஒரே நேர்ல இருக்கான்னு நூல் பிடிச்சுப் பாப்பேன் சார்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்லீங்க. ஒரு தடவ அப்பா தோள்ல பட்டுருச்சு."

எஞ்சினியர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. பாஸ்கல் விதி, பெர்னோலி விதி என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தார், அந்தத் தாளை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஒரு நோட்டு எடுத்து, இந்த இரண்டு வருஷத்தில் தறி நின்ற மூன்று சம்பவங்களை எழுதுங்கள். என்ன சத்தம் கேட்டது, முதலில் எதைச் சந்தேகப்பட்டீர்கள், கடைசியில் எது காரணம், எத்தனை மணி நேரம் தறி நின்றது, என்ன செலவு. அப்புறம் தறிப்பட்டறைக்குப் போய் மோட்டாரின் பெயர்த்தகட்டைப் படியுங்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால்தான் தெரியும், பரவாயில்லை. எத்தனை ஹெச்.பி., எத்தனை ஆர்.பி.எம். என்று அதில் இருக்கும். 1,440 என்று போட்டிருந்தால், தறி ஏன் அந்த வேகத்தில் அடிப்பதில்லை, நடுவில் எந்தப் புல்லி, எந்தப் பல்சக்கரம் வேகத்தைக் குறைக்கிறது என்று உங்கள் டிப்ளமோ கணக்கைப் போட்டுப் பாருங்கள். கல்லூரியில் படித்ததும் வீட்டில் செய்வதும் அந்த இடத்தில் கைகோத்துக்கொள்ளும். ராத்திரி அம்மா சாப்பாடு போடும்போது இதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எழுதியதை ஒப்பிக்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் வேறு வார்த்தையில் வரட்டும்.

'இரண்டு வருஷம் ஏன் வேலைக்குப் போகலை?' என்றால், 'தறிக்கு ஆள் கிடைக்கலை சார், அப்பாவுக்குத் துணையா நின்னேன்.' இந்த ஒரு வரி போதும்.

கேள்வி (ஏற்காடு, நாகலூர் பக்கம்): பி.காம். முடித்திருக்கிறேன். சேலத்தில் ஒரு பெரிய நிறுவனத்தில் ஸ்டோர்ஸ் அசிஸ்டென்ட் வேலை. காலை ஒன்பது மணிக்கு இன்டர்வியூ, இங்கிலீஷில் இருக்கும் என்கிறார்கள். நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. அம்மா காப்பி எஸ்டேட்டில் பழம் பறிக்கிறவர். நான் இரண்டு சீசன் அங்கே எடை ஏடு எழுதினேன். வேறு அனுபவம் இல்லை.

முதலில் பஸ்ஸைப் பேசுவோம் கண்ணு, இங்கிலீஷ் அப்புறம். முந்தின நாள் சாயங்காலமே கீழே இறங்கிவிடு. சேலத்தில் சித்தியோ பெரியம்மாவோ யாராவது இருப்பார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, பனியில் வண்டி ஊர்ந்து, தலை சுற்றிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தால், தெரிந்ததும் மறந்துபோகும். மழைக் காலத்தில் மண் சரிந்தால் பாதையே அடைத்துவிடும், குப்பனூர் வழி சுற்றி வர வேண்டியிருக்கும். 'ரோடு பிளாக் மேடம்' என்று பத்தரை மணிக்கு வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாவமாக இருக்கும், ஆனால் அதற்குள் பாதி நாற்காலி நிரம்பியிருக்கும். சித்தி வீட்டில் இருந்து சாயங்காலமே ஒரு நடை போய் அந்தக் கட்டடத்தின் கேட் எது என்று பார்த்து வைத்துவிடு.

அனுபவம் இல்லை என்று எழுதியிருக்கிறாய் பார், அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபமே வந்தது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, தினமும் சாயங்காலம் ஒவ்வொருவர் மூட்டையும் தராசில் ஏறும்போது எடை சொல்லி, பேர் சொல்லி, ஏட்டில் எழுதி, அதன்படி கூலி போவது என்ன வேலை? சரக்கு வரவு எழுதுவது. ஸ்டோர்ஸில் அதைத்தான் செய்யப்போகிறாய், காப்பிப் பழத்துக்குப் பதில் போல்ட்டும் பேரிங்கும் இருக்கும். என்ன கேட்பார்கள்? 'எடை ஏட்டுக் கூட்டுத்தொகையும் பல்ப்பிங் பண்ண (பழத்தோல் உரிக்க) போன எடையும் ஒத்துப்போகலைன்னா என்ன பண்ணுவே?' நிச்சயம் உனக்கு அப்படி ஒரு நாள் நடந்திருக்கும். யாராவது சாக்கு எடையைக் கழிக்க மறந்திருப்பார்கள், அல்லது 36-ஐ 63 என்று நீயே எழுதியிருப்பாய். அதைக் கண்டுபிடித்த கதையைச் சொல். தப்பு உன்னுடையது என்றாலும் சொல், தானே கண்டுபிடித்துத் திருத்தியதைக் கேட்கத்தான் அவர்களுக்கு ஆசை.

இங்கிலீஷுக்கு வருவோம். இந்த ஒரு கதையை மட்டும், சின்னச் சின்ன வாக்கியமாக, எட்டுப் பத்து வரியில் இங்கிலீஷில் எழுது. கல்லூரியில் யாராவது மிஸ் இருந்தால் காட்டித் திருத்திக்கொள். கேள்வி புரியவில்லை என்றால் 'ப்ளீஸ் ரிபீட் சார்' என்று கேட்பதில் அவமானம் இல்லை. புரியாமலே தலையாட்டினால்தான் வம்பு. நடுவில் வார்த்தை சிக்கிக்கொண்டால், 'இதை மட்டும் தமிழில் சொல்லட்டுமா?' என்று கேள். சேலத்துக் கம்பெனியில் பெரும்பாலும் சரி என்பார்கள். ஸ்டோர்ஸில் மூட்டை இறக்குகிற அண்ணனிடம் நீ இங்கிலீஷிலா பேசப்போகிறாய்?

கேள்வி (தாரமங்கலம்): வெள்ளைச் சட்டை, டை எல்லாம் கட்டாயமா?

இல்லை. இஸ்திரி போட்ட சட்டை, பாலிஷ் போட்ட பழைய ஷூ. புது ஷூ மட்டும் வேண்டவே வேண்டாம். கடிக்கிற ஷூவோடு ஒருவன் எங்கள் ஆபீஸ் மாடிப்படி ஏறியதை நான் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறேன். உள்ளே வந்து உட்கார்ந்தவனுக்குக் கேள்வியில் கவனமே இல்லை, மேஜைக்கடியில் குதிகாலை விடுவித்துக்கொண்டிருந்தான்.

கேள்வி (மேட்டூர்): வங்கி பி.ஓ. (அதிகாரி வேலை) மெயின்ஸ் தேறிவிட்டேன். இன்டர்வியூவுக்கு எதைப் படிப்பது? ரிப்போ ரேட், கரன்ட் அஃபேர்ஸ் எல்லாம் படித்தாயிற்று.

வாழ்த்துகள். வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐ.பி.பி.எஸ். நடத்தும் பி.ஓ. தேர்வில் இறுதிப் பட்டியலுக்கு மெயின்ஸ் 80, இன்டர்வியூ 20 என்ற விகிதம். முக்கால்வாசிக்கு மேல் கையில் இருக்கிறது. (கிளார்க் தேர்வு எழுதும் தங்கைகளே, உங்களுக்கு இன்டர்வியூவே கிடையாது, இந்தப் பகுதியைத் தாண்டிப் போங்கள். மத்திய அரசின் குரூப் சி வேலைகளுக்கும் 2016 ஜனவரியிலிருந்து நேர்முகம் இல்லை.)

படித்ததெல்லாம் சரி, சொந்த ஊரைப் படித்தீர்களா? வங்கிக்காரர்கள் பயோடேட்டாவில் ஊர்ப் பெயரைப் பார்த்துத்தான் ஆரம்பிப்பார்கள். நான் பேனலில் இருந்தால் இப்படிக் கேட்பேன். அணை எப்போது கட்டி முடித்தது? 1934. முழு நீர்மட்டம், கொள்ளளவு? 120 அடி, 93.47 டி.எம்.சி. இது வரைக்கும் மேட்டூரில் பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். அடுத்தது: 'ஜூன் 12-ல் தண்ணீர் திறக்கவில்லை என்றால், தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிளை மேனேஜருக்கு என்ன தலைவலி?'

இப்போது யோசியுங்கள். குறுவை தள்ளிப்போகும், பரப்பு சுருங்கும். புதுப் பயிர்க்கடன் கேட்டு வருகிறவர் குறைவார். பழைய கடனைத் திருப்ப வேண்டியவர் அவகாசம் கேட்பார். வங்கிகள் தாங்கள் தரும் கடனில் 40 சதவீதம் முன்னுரிமைத் துறைக்கு (விவசாயம், சிறுதொழில் மாதிரி), அதற்குள் விவசாயத்துக்கு 18 சதவீதம் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அந்த இலக்கும் மேனேஜர் கண்முன் வந்து நிற்கும். பயிர்க் காப்பீடு யார் யார் செய்திருக்கிறார்கள் என்று ஃபைலைப் புரட்டுவார். நீங்கள் தினமும் பார்க்கிற தண்ணீர்தான், அது ஒரு வங்கியின் பேரேட்டில் எங்கே போய் நிற்கிறது என்று சொல்லத் தெரிந்தால் போதும். இதே மாதிரி ஜவ்வரிசியையும் எடுத்துக்கொள்ளுங்கள். குச்சிக்கிழங்கு போடும் விவசாயி, அரைக்கும் ஆலைக்காரர், விற்றுத்தர சேலத்தில் 1981-லிருந்து இருக்கும் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம். இந்த மூவரில் யாருக்கு என்ன கடன் தேவைப்படும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்கும் அப்படியே, வெள்ளி விலை ஏறினால் பட்டறைக்காரர் கையில் ரொக்கம் ஏன் இறுகுகிறது என்று.

கோரிமேட்டில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது, இலவசம்தான். அங்கே உங்களைப் போல் நாலு பேர் கிடைத்தால் ஒருவரை ஒருவர் கேட்டுப் பழகுங்கள். கண்ணாடி முன் நின்று பேசுவதை விட இது நல்லது. கண்ணாடி குறுக்குக் கேள்வி கேட்காது.

கேள்வி (ஆத்தூர்): வயது 34. அக்கவுன்ட்ஸில் இருந்தேன், 2018-ல் குழந்தைக்காக விட்டேன். போன மாதம் ஓர் இன்டர்வியூவில் எடுத்த எடுப்பிலேயே 'குழந்தையை யார் பாத்துப்பாங்க?' என்றார்கள். தொண்டை அடைத்துவிட்டது. வேலையும் கிடைக்கவில்லை.

இதற்குப் பதில் எழுதும் யோக்கியதை எனக்குப் பாதிதான் உண்டு. இதே கேள்வியை நானும் பல வருஷம் கேட்டிருக்கிறேன், ஒரு பெண்ணாக இருந்துகொண்டே. ஆண்களிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. உறைக்கவைத்தது வேலை கேட்டு வந்த ஒரு பெண்தான். "யாரு பாத்துப்பாங்க?" என்றேன். அவர் கோபப்படவில்லை, "ஷிஃப்ட் எத்தனை மணிக்கு மேடம்?" என்றார். "எட்டரை." "எட்டரைக்கு நான் இங்க இருப்பேன்." என் மேல்தான் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவரை எடுத்துக்கொண்டோம். சில நாள் லேட்டாகத்தான் வந்தார், நானும்தான்.

அந்தப் பதிலை நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். மாமியார் இருக்கிறார், பக்கத்து வீட்டு அக்கா இருக்கிறார் என்று வீட்டுக் கதையை விரிக்க வேண்டாம். விரித்தால் 'மாமியாருக்கு உடம்பு முடியலைன்னா?' என்று அடுத்தது வரும். வேலை நேரத்தைக் கேட்டு, 'இருப்பேன்' என்று முடித்துவிடுங்கள்.

இடைவெளியைப் பற்றி ஒரே வரி: '2018-லிருந்து குழந்தைக்காக வீட்டில் இருந்தேன், இப்போது திரும்ப வருகிறேன்.' மன்னிப்புக் கேட்கும் குரல் வேண்டாம். அவர்களுடைய உண்மையான பயம், உங்களுக்கு வேலை மறந்திருக்குமோ என்பது. நீங்கள் விட்டபோது கணக்கு எழுதும் சாஃப்ட்வேர் டேலி ஈ.ஆர்.பி. 9. 2020-ல் டேலி பிரைம் வந்துவிட்டது. அதே வருஷம் அக்டோபரில் பெரிய கம்பெனிகளுக்கு இ-இன்வாய்ஸ் (பில்லை ஆன்லைனில் அரசிடம் பதிவது) தொடங்கி, படிப்படியாகச் சின்ன கம்பெனிகளுக்கும் வந்துவிட்டது. தெரிந்த ஆடிட்டர் ஆபீஸில் ஒரு மாதம், சம்பளம் இல்லை என்றாலும் சரி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடும் தேதியில் போய் உட்கார்ந்து பத்துப் பதினைந்து பார்ட்டிக்குக் கணக்கு ஒத்துப்பாருங்கள். அடுத்த இன்டர்வியூவில் 'போன மாசம்கூட…' என்று ஒரு வாக்கியத்தை உங்களால் ஆரம்பிக்க முடியும். அதற்கப்புறம் 2018-ஐ யாரும் கிளற மாட்டார்கள்.

கேள்வி (சங்ககிரி): வருஷத்துக்கு 2.4 லட்சம் என்றார்கள். மாதம் இருபதாயிரம் கைக்கு வருமா?

வராது. அவர்கள் சொன்னது சி.டி.சி., அதாவது உங்களுக்காகக் கம்பெனி செலவழிக்கும் மொத்தம். அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வைத்தால், கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப். 12 சதவீதம் 1,440 ரூபாய். கிராஜுவிட்டிக்கென்று (பணிக்கொடை) 4.81 சதவீதம் 577. இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு மொத்தச் சம்பளத்தில் 3.25 சதவீதம், சுமார் 566. இது எல்லாம் அந்த இருபதாயிரத்துக்குள்ளேயே அடங்கிவிடும். மீதி 17,400 சொச்சத்தில் உங்கள் பங்கு பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 131 போனால், கையில் சுமார் 15,800. பி.எஃப். பணம் எங்கேயும் போகவில்லை, உங்கள் பேரில்தான் சேருகிறது. ஆனால் வீட்டு வாடகையை அதை வைத்துக் கொடுக்க முடியாது. 'கையில் எவ்வளவு வரும் சார்?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். கூடவே கேன்டீன் உண்டா, கம்பெனி பஸ் எந்த ஸ்டாப் வரை வரும், நைட் ஷிஃப்ட் வாரம் எத்தனை என்பதையும். ஆயிரம் ரூபாய் குறைவாகக் கொடுத்து வாசலுக்கு பஸ் அனுப்புகிற கம்பெனி சில சமயம் லாபம்.

கேள்வி (எடப்பாடி): போனிலேயே இன்டர்வியூ முடிந்து, 'செலக்ட் ஆகிட்டீங்க, லேப்டாப் டெபாசிட் 15,000 கட்டுங்க' என்கிறார்கள். கட்டலாமா?

கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால், இதைப் படித்து முடிக்கும் முன் 1930-க்குப் போன் போடுங்கள். சைபர் குற்றத்துக்கான எண், சீக்கிரம் சொன்னால் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே மேடம், நீங்கள் எந்த இன்டர்வியூவிலாவது கோட்டை விட்டதுண்டா?

உண்டு. 1984, ஓர் ஆபீஸில் கிளார்க் வேலை. 'பொழுதுபோக்கு என்னன்னு கேட்டா தோட்டம்னு சொல்லு, மரியாதையா இருக்கும்' என்று தோழி சொல்லிக் கொடுத்திருந்தாள். சேலம் குகைப் பகுதியில் எங்கள் வாடகை வீட்டில் இருந்ததெல்லாம் ஒரு துளசி மாடம். கேட்டார்கள், சொன்னேன். "என்ன செடி?" என்றார் நடுவில் இருந்தவர். ஏற்காட்டு மலர்க் கண்காட்சி ஞாபகத்தில் "ரோஜா" என்று அளந்துவிட்டேன். மனுஷர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது, அவர் வீட்டில் ரோஜாத் தோட்டமே இருந்ததாம். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, ரொம்பப் பிரியமாக, "கவாத்து எந்த மாசம் பண்றீங்க?" என்று கேட்டார்.

எனக்குக் கவாத்து என்றால் போலீஸ் மைதானத்தில் நடப்பது மட்டும்தான் தெரியும். "ஆகஸ்ட் பதினஞ்சுல சார்" என்றேன்.

அவர்கள் சிரித்த சத்தம் வராந்தா வரை கேட்டிருக்கும். வேலை வரவில்லை. இப்போது மொட்டை மாடியில் பதினான்கு தொட்டி ரோஜா வைத்திருக்கிறேன். கிளையை வெட்டி விடுவது அக்டோபரில், மழை விட்ட நாலு நாள் பார்த்து.